முதலில் துண்டுத் துணி: ஜப்பானியக் கைநெசவு சேகரிக்க நினைப்பவருக்கு

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணைய ஏலத்தில் ஒரு பழைய நீலத் துணி வாங்கியிருக்கிறீர்கள். நான்கு பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது. கருநீலத்தில் வெள்ளையாகக் கொக்கும் ஆமையும். விற்றவர் "எடோ காலத்தது, கையால் நூற்றது, இயற்கை அவுரி" என்று எழுதியிருக்கிறார். இதை நம்பலாமா, இந்த மாதிரித் துணிகளைத் தொடர்ந்து சேர்க்க எங்கே ஆரம்பிப்பது, எப்படிக் கற்றுக்கொள்வது, சென்னையின் ஈரக்காற்றில் எப்படிக் காப்பாற்றுவது என்பவைதான் உங்கள் கேள்விகள்.

என் பதிலின் சாரத்தை இங்கேயே வைத்துவிடுகிறேன். பெயருக்காகவும் வயதுக்காகவும் வாங்காதீர்கள். துணியைப் படிக்கப் பழகுங்கள். அதற்கு முழுக் கிமோனோவைவிடத் துண்டுத் துணியே நல்ல வாத்தியார்.

ஏன் துண்டு என்றால், ஜப்பானில் கிமோனோவுக்கான துணியை ஒடுக்கமாக நெய்வார்கள். அகலம் சுமார் 36 சென்டிமீட்டர், நீளம் சுமார் 12 மீட்டர். ஒரு சுருள் ஒரு ஆளுக்கு. அதை வளைத்து வெட்டும் வழக்கமே கிடையாது. நேர்க்கோட்டில் எட்டுத் துண்டாக்கித் தைப்பார்கள்: உடலுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முன்பக்கச் சேர்ப்புக்கு இரண்டு, கழுத்துப்பட்டிக்கு இரண்டு. அழுக்கானால் தையலைப் பிரித்து, துண்டுகளை மறுபடி ஒரே நீளமாக இணைத்துத் துவைத்து, கஞ்சி போட்டு, இழுத்துக் காயவைத்துத் திரும்பத் தைப்பார்கள். நைந்துபோனால் குழந்தை உடுப்பாகும், அப்புறம் மெத்தை உறை, அப்புறம் ஒட்டுத்துணி, கடைசியில் தரை துடைப்பது. இந்தப் பழக்கத்தால்தான் இன்றைக்கும் அங்கே பழந்துணிக் கடைகளில் பிரித்த துண்டுகள் கட்டுக் கட்டாகக் கிடைக்கின்றன. கோகிரே, ஹகிரே என்ற பெயர்களில் தேடுங்கள். ஒரு கிமோனோ வாங்கும் காசுக்கு முப்பது வகைத் துண்டு வாங்கிவிடலாம். துண்டு என்றால் பயமில்லாமல் திருப்பிப் பார்க்கலாம், ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம், தண்ணீரில் நனைக்கலாம். மடிப்புக் கலையாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கிமோனோவிடம் இதெல்லாம் நடக்காது.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், ஊசி, அளவுகோல், வெள்ளைப் பருத்தித் துணி. இவ்வளவுதான்.

ஒரே ஒரு வகையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். என்னைக் கேட்டால் கசூரி. உங்கள் கையில் இருப்பதும் அதுதான். போச்சம்பள்ளிச் சேலையில் பார்க்கும் அதே வித்தை: நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயம் போட்டுவிட்டு, கட்டவிழ்த்து, வெள்ளை விழும் இடம் சரியாக வந்து உட்காரும்படி நெய்வது. பாவில் (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) மட்டும் கட்டலாம், ஊடையில் (குறுக்கே ஓடும் நூல்) மட்டும் கட்டலாம், இரண்டிலும் கட்டலாம். எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் பாடம். உருவத்தின் ஓரங்களைப் பாருங்கள். ஊடை நூல் பக்கவாட்டில் நகரும். அதனால் ஊடைக் கசூரியில் உருவத்தின் இடது வலது ஓரங்கள் சிதறித் தெரியும். பாவுக் கசூரியில் அதே சிதறல் மேலும் கீழும் வரும். இரண்டும் சேர்ந்ததில் மூன்று நிறங்கள் தெரியும்: நீல நூலும் நீல நூலும் சேர்ந்த இடம் கருநீலம், ஒன்று மட்டும் வெள்ளையானால் நடுத்தர நீலம், வெள்ளையும் வெள்ளையும் குறுக்கிடும் இடத்தில் சுத்தமான வெள்ளை. இதை லென்ஸில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு அச்சடித்த கசூரியிடம் ஏமாற மாட்டீர்கள். அச்சில் ஓரச் சிதறலையும் வரைந்தே வைத்திருப்பார்கள், ஆனால் ஒரே நூல் பாதி வழியில் காரணமில்லாமல் நிறம் மாறும், பின்பக்கம் வெளுத்திருக்கும்.

கொக்கு, ஆமை, பைன் மரம், கெண்டை மீன், கோட்டை என்று படம் காட்டும் வகைக்கு எ-கசூரி என்று பெயர். ஜப்பான் கடலை ஒட்டிய சானின் பகுதியில், தொத்தோரி மாவட்டத்தின் குராயோஷி, யுமிகஹாமா, ஷிமானே மாவட்டத்தின் ஹிரோசே ஆகிய ஊர்கள் இதற்குப் பேர்போனவை. இவற்றில் பெரும்பாலும் ஊடையில் மட்டும்தான் படம். தனே-இதோ என்கிற ஒரு வழிகாட்டி நூலைத் துணியின் அகலத்துக்கு ஒரு பலகையில் முன்னும் பின்னுமாக நெருக்கிச் சுற்றி, அதன்மேல் படத்தைக் குறித்துக்கொள்வார்கள். பிரித்தால் அது புள்ளிகள் விழுந்த ஒரே நீள நூல். அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து மற்ற ஊடை நூல்களைக் கட்டுவார்கள். நெய்யும்போது ஒவ்வொரு ஓட்டத்திலும் நூலைக் கரையில் இழுத்துச் சரிசெய்தால்தான் ஆமைக்கு ஆமை முகம் வரும். கொக்கும் ஆமையும் நீண்ட ஆயுளுக்கான அடையாளம். கல்யாணச் சீராகக் கொடுத்த மெத்தை உறைகளில் அடிக்கடி வரும். நான்கு பட்டை என்கிறீர்கள், அது மெத்தைக்கு வேண்டிய அகலம். ஆகவே உங்களுடையதும் மெத்தை உறையாகத்தான் இருந்திருக்கும்.

இனி "எடோ காலம்" என்ற பேச்சுக்கு வருவோம். எடோ காலம் 1868-இல் முடிந்தது. சந்தையில் புழங்கும் எ-கசூரி மெத்தை உறைகளில் மிகப் பெரும்பான்மை அதற்குப் பிந்தியவை. எடோவுக்கு அடுத்து வந்த மெய்ஜி காலத்திலிருந்து 1930கள் வரை இவை ஏராளமாக நெய்யப்பட்டன. நூலைப் பாருங்கள். கையால் நூற்ற நூல் ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, முறுக்கும் ஏறி இறங்கி இருக்கும். ஆலை நூல் ஒரே சீர். பாவில் ஆலை நூலும் ஊடையில் கைநூலும் கலந்திருந்தால், ஆலை நூல் கிராமங்களுக்கு வந்த பிறகு நெய்தது என்று சொல்லிவிடலாம். இங்கே ஒரு பொறியும் உண்டு. காவுன் டோகிமுனே என்ற முன்னாள் துறவி கண்டுபிடித்த கராபோ என்ற நூற்பு இயந்திரம் 1877-இல் டோக்கியோவில் நடந்த தேசியத் தொழிற்காட்சியில் பரிசு வாங்கியது. தகரக் குழாயில் பஞ்சை அடைத்து, சுழற்றி, மேலே இழுத்து நூற்கும் இயந்திரம். அந்த நூல் கைநூலைப் போலவே மேடு பள்ளமாக இருக்கும். "கையால் நூற்றது" என்று விற்கப்படும் முரட்டுத் துணிகளில் கராபோ எவ்வளவு கலந்திருக்கிறது என்று யோசித்தால் சிரிப்புத்தான் வரும். எனக்கு இதில் வருத்தமில்லை. கராபோ துணி தொடுவதற்கு அருமையாக இருக்கும். விலைதான் அதற்குரியதாக இருக்க வேண்டும்.

கசூரி என்றால் எல்லோரும் முதலில் சொல்லும் ஊர் கியூஷூ தீவின் குருமே. இனோவே டென் என்ற சிறுமி, வெளுத்துப்போன தன் பழைய உடுப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிவதைப் பார்த்து, நூலைப் பிரித்துக் காரணம் தேடி, 1800 வாக்கில் இந்த நெசவை உருவாக்கினாள் என்பது அங்கே சொல்லப்படும் கதை. 1957-இல் குருமே கசூரி ஜப்பான் அரசின் முக்கியப் புலனாகாப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தகுதிக்கு மூன்று நிபந்தனைகள்: நூலைக் கையால் கட்ட வேண்டும், இயற்கை அவுரியில் மட்டுமே தோய்க்க வேண்டும், ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கையால் எறிந்து நெய்ய வேண்டும். இன்று கடைகளில் கிடைக்கும் குருமே கசூரியில் பெரும்பகுதி இந்த மூன்றுக்கும் உட்பட்டதல்ல. இயந்திரத்தில் கட்டி, ரசாயனச் சாயம் போட்டு, பழைய டொயோடா விசைத்தறிகளில் நெய்தவை. அவை போலி கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் ஒளித்து விற்பதும் இல்லை. நல்ல துணி, அன்றாடம் உடுத்தலாம். ஆனால் "கையால் செய்தது" என்று ஒருவர் சொன்னால் நூற்றதா, கட்டியதா, தோய்த்ததா, நெய்ததா என்று நான்கு கேள்வி கேட்கும் பழக்கம் உங்களுக்கு வர வேண்டும்.

கசூரிக்கு அடுத்து நான் ஆசையாகச் சேர்ப்பது கோடுகள். பலர் சீண்டாமல் விடுவதால் மலிவாகக் கிடைக்கும். அத்தோடு இதில் நமக்கு ஒரு சொந்தக் கதையும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து போர்ச்சுகீசியரும் பிறகு டச்சுக்காரர்களும் சோழமண்டலக் கரையிலிருந்து மெல்லிய கோடு போட்ட பருத்தித் துணிகளை ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். மயிலாப்பூருக்குப் பக்கத்துச் சாந்தோமின் பெயரால் அங்கே அவற்றை சாந்தோமே என்று அழைத்தார்கள். எடோ நகரத்து (இன்றைய டோக்கியோ) வசதியானவர்கள் இதற்குப் பைத்தியமாக இருந்தார்கள். பளபளப்பான மெல்லிய நூலில் நீலம், சிவப்பு, பழுப்பு என்று நூலிழைக் கோடுகள். இறக்குமதி எல்லோருக்கும் கட்டுப்படியாகாததால் உள்ளூரில் பார்த்து நெய்ய ஆரம்பித்தார்கள். டோக்கியோவுக்கு அருகிலுள்ள கவகோயேயில் நெய்த தோசான் துணி இந்த வழியில் வந்ததுதான். நம் கரையிலிருந்தே போன பூவேலைக் கலம்காரித் துணிகளை சரசா என்ற பெயரில் தேநீர்க் கிண்ணங்களுக்கும் ஜாடிகளுக்கும் பை தைக்கப் பயன்படுத்தினார்கள். கைக்குட்டை அளவு பழைய சரசாத் துண்டுகளைத் தங்கம் மாதிரி பாதுகாத்திருக்கிறார்கள்.

நெசவுக் குடும்பங்களிலும் துணிக்கடைகளிலும் ஷிமாச்சோ என்ற ஒன்று இருந்தது. பழைய கணக்கு நோட்டின் தாள்களில் கோட்டுத் துணிகளின் சிறு துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்த மாதிரிப் புத்தகம். நெய்யப் போகும் பெண் அதைப் புரட்டித்தான் இந்தக் கோட்டுக்கு எத்தனை நூல் என்று எண்ணிக்கொள்வாள். அசல் ஷிமாச்சோ இப்போது விலை ஏறிவிட்டது. நீங்கள் உங்களுக்கே ஒன்று செய்துகொள்ளுங்கள். அமிலமில்லாத தாளில் துண்டைத் தைத்து வையுங்கள், பசை வேண்டாம். பக்கத்திலேயே அகலம், ஒரு சென்டிமீட்டரில் எத்தனை பாவு, எத்தனை ஊடை, எங்கே வாங்கியது, விற்றவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். சில வருடம் கழித்துப் புரட்டும்போது எந்த விற்பனையாளரின் வார்த்தை நின்றது, யாருடையது காற்றில் போனது என்பது தெரிந்துவிடும்.

அவுரி விஷயத்தில் ஒரு கசப்பான உண்மை. ஜப்பானியர் பயன்படுத்தும் செடி நம் ஊர் அவுரி கிடையாது. நம்முடையது பயறு வகைக் குடும்பம், அவர்களுடையது பக்வீட் தானியத்தின் குடும்பம். ஷிகொகு தீவின் தொகுஷிமாவில் யோஷினோ ஆற்றங்கரையில் வளர்த்து, இலையைக் காயவைத்து, இலையுதிர் காலத்தில் குவித்து, தண்ணீர் தெளித்துக் கிளறிக் கிளறிச் சுமார் 100 நாள் மக்கவைப்பார்கள். அந்த மக்கிய சரக்குக்குச் சுகுமோ என்று பெயர். அதைச் சாம்பல் நீர், சுண்ணாம்பு, கோதுமைத் தவிடு ஆகியவற்றோடு தொட்டியில் புளிக்கவைத்துத்தான் தோய்ப்பது. ஆனால் 1897-இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில வருடங்களிலேயே தொகுஷிமாவின் வயல்கள் சுருங்க ஆரம்பித்தன. இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பயிர் முக்கியம் என்று அவுரி பயிரிடவே தடை வந்தது. செயற்கையிலும் இயற்கையிலும் நீலத்தைத் தருவது ஒரே மூலக்கூறு. ஆகவே வெறும் கண்ணால், லென்ஸால், முகர்ந்து பார்த்து "இது இயற்கை அவுரி" என்று யார் சொன்னாலும் அது விசுவாசம் மட்டுமே. 20-ஆம் நூற்றாண்டுத் துணிக்கு "இயற்கை" என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் கொக்கு ஆமைத் துணிக்கும் இதே கதைதான்.

அச்சுத்தாள் வைத்துச் செய்யும் கதாசோமேயும் தொடக்கக்காரருக்கு ஏற்றது. மீயே மாவட்டத்தின் சுசுகாவில், ஷிரோகோ, ஜிகே என்ற இரண்டு ஊர்களில் இந்தத் தாள்களை வெட்டினார்கள். கைத்தாளை இரண்டு மூன்று அடுக்காகப் பச்சைக் காக்கிப்பழச் (பெர்சிமன்) சாற்றில் ஒட்டி, புகைபோட்டால் பழுப்பு நிறத்தில் தண்ணீருக்கு அசையாத தாள் கிடைக்கும். அதில் கத்தியாலும் உளியாலும் பூ, அலை, புள்ளி என்று குடைவார்கள். தாளைத் துணிமேல் வைத்து அரிசிப் பசையைத் தேய்த்தால் பசை ஏறிய இடத்தில் சாயம் பிடிக்காது. ஒரு தாளின் வேலை முடிந்ததும் தூக்கி அடுத்த இடத்தில் வைப்பதால், சீரான இடைவெளியில் லேசான மேற்பொருத்தம் தெரியும்; ஓரத்தில் தாளைப் பொருத்த உதவும் குறிப்புள்ளிகளும் இருக்கும். இந்தக் குறைகளைத் தேடுங்கள், அவைதான் கைவேலைக்குச் சாட்சி. கதாகாமி என்கிற அந்தத் தாள்களே இன்று தனியாக விற்பனைக்கு வருகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவுக்குப் போய் அங்கத்திய வடிவமைப்பாளர்களை மயக்கியவை. சுருட்டி வைக்கலாம், பூச்சியும் துணியளவுக்குத் தொல்லை தராது. துணியைவிடத் தாளில் ஆரம்பித்துப் பிறகு துணிக்கு வந்தவர்களையும் எனக்குத் தெரியும். இந்தக் கலையை 20-ஆம் நூற்றாண்டில் எந்த உயரத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று பார்க்க விரும்பினால் செரிசாவா கெய்சுகேயின் வேலையைப் பாருங்கள். 1895-இல் பிறந்தவர், ஒகினாவாவின் பிங்கதா சாயக்கலையால் திசை மாறியவர், 1956-இல் வாழும் தேசியச் செல்வமாக, அதாவது அரசு போற்றும் தலைசிறந்த கைவினைஞராக, அறிவிக்கப்பட்டவர். ஷிசுவோகா நகரில் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

துணியைக் கட்டிச் சாயமிடும் ஷிபோரி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மதுரைச் சுங்குடி தெரிந்த கண்ணுக்கு அது சட்டென்று பிடிபடும். நகோயாவின் அரிமாட்சு 1608-இல் தொகைதோ நெடுஞ்சாலையோரம் குடியேற்றப்பட்ட ஊர், வழிப்போக்கர்களுக்குக் கட்டிச் சாயமிட்ட துண்டு விற்றே வளர்ந்தது. போலியைக் கண்டுபிடிக்க விரலே போதும்: அசலில் கட்டின இடத்தில் மேடு இருக்கும், ஊசித் துளை இருக்கும், ஒரு புள்ளியைப் போல் இன்னொன்று இருக்காது.

பட்டில் கியோத்தோவின் நிஷிஜின் நெசவு, துணியில் படம் தீட்டும் யூசென் எல்லாம் அழகுதான். ஆரம்பத்தில் தொடவேண்டாம் என்பேன். விலை எதற்காகக் கேட்கிறார்கள் என்று புரிய ரொம்பக் காலம் ஆகும். பட்டு வேண்டுமென்றால் மெய்சென் வாங்குங்கள். 1920கள், 30களில் அஷிகாகா, இசெசாகி, சிசிபு போன்ற ஊர்களில் ரசாயனச் சாயத்தில் பாவில் அச்சடித்து நெய்த துணி. சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் உடுத்தியது. ஊதாவும் எலுமிச்சை மஞ்சளும் மோதும் துணிச்சலான வடிவங்கள், இன்னும் கட்டுப்படியாகும் விலை.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பவை யூகி ட்சுமுகி, ஓஷிமா ட்சுமுகி என்ற பட்டுத் துணிகள். யூகியில் பட்டுக்கூட்டை விரித்த பஞ்சிலிருந்து எச்சில் தொட்டு முறுக்கில்லாமல் நூல் இழுத்து, இடுப்பில் பாவைக் கட்டிக்கொண்டு நெய்வார்கள். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அமாமி தீவின் ஓஷிமாவில் டெச்சிகி மரத்தைக் காய்ச்சிய சாற்றிலும் இரும்புச் சத்துள்ள வயல் சேற்றிலும் மாறி மாறித் தோய்த்துக் கறுப்பு வரவழைக்கிறார்கள். நூலைக் கட்டுவதற்கே ஒருமுறை தறியில் நெய்து, சாயம் போட்டுப் பிரித்து, மறுபடி நெய்கிறார்கள். இந்த இரண்டையும் எங்கே நெய்தது என்று சான்று சொல்லும் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். ஓஷிமாவில் பூமி உருண்டை முத்திரை என்றால் அமாமி, கொடி என்றால் ககோஷிமா, கொக்கு என்றால் மியாசாகி மாவட்டத்தின் மியாகோனோஜோ. சீட்டைப் பிரித்து வேறு துணியில் ஒட்டுபவர்களும் உண்டு. சீட்டு துணியின் முனையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

வாழைநார் துணியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒகினாவாவின் ஒகிமி கிராமத்தில் கிஜோகா என்ற ஊர். அங்கே நாருக்கென்றே வளர்க்கும் ஒரு வாழையின் தண்டை உரித்து, சாம்பல் நீரில் வேகவைத்து, மூங்கில் இடுக்கியால் வழித்து, நாரை நாரோடு முடிந்து நூலாக்குகிறார்கள். ஒரு கிமோனோவுக்குச் சுமார் 200 வாழை வேண்டும் என்பார்கள். பாஷோஃபு என்ற இந்தத் துணி இரண்டாம் உலகப் போரோடு அழிந்திருக்கும். மலேரியாக் கொசுவுக்கு இடம் தருகிறது என்று அமெரிக்க ராணுவம் வாழைகளை வெட்டித் தள்ளியது. தாய்ரா தொஷிகோ என்ற பெண் போருக்குப் பிறகு குராஷிகியிலிருந்து ஊர் திரும்பி, கணவரை இழந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு நெசவை மீட்டார். 2000-இல் வாழும் தேசியச் செல்வமானார். 2022-இல், நூறு வயதைத் தாண்டி, காலமானார். புதுத் துணி நம் கைக்கெட்டாது. பழைய பாஷோஃபு சிறு துண்டாகச் சில சமயம் கிடைக்கும், கிடைத்தால் விடாதீர்கள். சிறகு மாதிரி கனமே இருக்காது, தோலில் ஒட்டாது.

ஒட்டுப்போட்ட கந்தல் துணியான போரோவில் எச்சரிக்கை தேவை. வடக்கே அவோமோரியில் பருத்தி விளையாது. 18-ஆம் நூற்றாண்டில் சுகாரு ஆட்சியாளர்கள் விவசாயிகள் பருத்தி உடுத்தவே தடை போட்டார்கள். சணல் வகை நாரில் நெய்த துணிதான் பனிக்கும் வெயிலுக்கும். அதன் இடைவெளிகளை வெள்ளை நூலால் அடைத்துக் கதகதப்பாக்கியதில் பிறந்தது கொகின் தையல். பாவை 1, 3, 5 என்று ஒற்றைப்படையில் எண்ணித் தைப்பது. பக்கத்து நம்புப் பகுதியின் ஹிஷிசாஷி இரட்டைப்படை. தெற்கிலிருந்து கப்பலில் வந்த பழந்துணித் துண்டுகளை ஒட்டுமேல் ஒட்டாகத் தைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியதே போரோ. வீட்டுக்காரர்கள் வெட்கப்பட்டு எரித்துக்கொண்டிருந்த காலத்தில் தனாகா சூசாபுரோ என்ற நாட்டாரியல் ஆய்வாளர் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார். இப்போது அது ஃபேஷன் ஆகிவிட்டதால் புதிதாகவே போரோ செய்து விற்கிறார்கள். அசலில் ஒட்டு தேயும் இடத்தில் இருக்கும்: முட்டி, தோள், படுக்கையின் நடுப்பகுதி. தைத்த நூல் பல நிறம், பல தடிமன். ஒட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வெயில் படாத பழைய நிறம் இருக்கும். எல்லா ஒட்டும் ஒரே அளவில் வெளுத்து, ஒரே நூலில் தைத்து, பார்க்க அழகான இடைவெளியில் இருந்தால் அது கடையில் பிறந்தது. ஏழைகளின் கந்தலுக்குப் பட்டைவிட அதிக விலை கேட்கும் சந்தை எனக்கு ஒப்பவில்லை. ஒரே ஒரு நல்ல துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும் இடங்கள். கியோத்தோ போக வாய்த்தால் தேதி பார்த்துப் போங்கள்: ஒவ்வொரு மாதமும் 21-ஆம் தேதி தோஜி கோயில் சந்தை, 25-ஆம் தேதி கிதானோ தென்மங்கூ சந்தை. விடிந்ததும் போய்விட வேண்டும். துணியைக் குவியலாகப் போட்டு விற்பவர்களிடம் முதலில் போங்கள், மாட்டி வைத்திருப்பவர்களிடம் கடைசியில். டோக்கியோவில் கோமாபாவில் இருக்கும் நிஹோன் மிங்கேய்கான் என்ற நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகம் அவசியம் பார்க்க வேண்டிய இடம். பெயர் தெரியாத கைவினைஞரின் அன்றாடப் பொருளில் அழகைத் தேடிய யானாகி சோயெத்சு 1936-இல் திறந்தது. இணையத்தில் வாங்கினால் ஜப்பானிய எழுத்திலேயே தேடுங்கள். கசூரி, அவுரிச் சாயம், கைநூற்பு, பழந்துணி என்று ஒரு பத்துப் பதினைந்து சொற்களின் ஜப்பானிய எழுத்து வடிவத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டால், வெளிநாட்டவருக்கென்று ஆங்கிலத்தில் விற்கும் விலையில் பாதிக்கும் கீழே அதே துணி கிடைக்கும். இடைத்தரகர் கட்டணம், அனுப்பும் செலவு, சுங்க வரி மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள். பின்பக்கப் படமும் கரையின் நெருக்கப் படமும் தர மறுக்கும் விற்பனையாளரை மறந்துவிடுங்கள். பார்த்துப் பழக ஜப்பானியத் தேசிய அருங்காட்சியகங்களின் கால்பேஸ் தளமும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தளமும் இலவசம். அப்புறம், கொஞ்சம் நூலை வாங்கி நீங்களே கட்டித் தோய்த்துப் பாருங்கள். ஒரு வார இறுதி போதும், ஒரு மெத்தை உறைக்கு எவ்வளவு உழைப்பு என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாகப் பாதுகாப்பு. வாங்கியதும் துவைக்காதீர்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தி, நிறம் இறங்குகிறதா என்று பாருங்கள். அவுரிப் பருத்தி என்றால் குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்புத்தூளில் தனியாக அலசி நிழலில் படுக்கவைத்துக் காயவிடலாம். சிவப்புப் பட்டு உள்துணி வைத்த எதையும் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அந்தச் சிவப்பு ஓடிப்போய் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இரும்புச் சத்து சேர்த்த பழுப்பு, கறுப்புச் சாயங்களில் நூலே உளுத்துக் கொட்டும். வாங்குமுன் அந்த நிறக் கோடுகளை மெல்ல இழுத்துப் பாருங்கள்.

பிளாஸ்டிக் உறையில் வைத்தால் சென்னையில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை வந்துவிடும். துவைத்த மல் துணியில் சுற்றி வையுங்கள். சிறியதைத் தாளுடன் உருளையில் சுருட்டுங்கள், பெரியதை மடித்தால் சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றுங்கள். அந்துருண்டை போட்டால் ஒரே வகை மட்டும். நாப்தலீனையும் கற்பூரத்தையும் ஒன்றாகப் போட்டால் இரண்டும் உருகித் துணியில் கறை பிடிக்கும். ஜரிகை உள்ள துணிக்கு எதுவும் வேண்டாம். ஜப்பானியர் மழைக்காலம் முடிந்த வறண்ட நாட்களில் துணிகளை வெளியே எடுத்துக் காற்றாட விடுவார்கள். நமக்கு அதற்குத் தோதான சமயம் ஜனவரி, பிப்ரவரி. புதிதாக வந்த எந்தத் துணியையும் மற்றவற்றோடு சேர்க்குமுன் இறுக்கமான பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். பூச்சி முட்டை இருந்தால் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள், இல்லாவிட்டால் துணிமேல் நீர் கோத்துக்கொள்ளும்.